பத்துக் கிலோவுக்குக் கீழே

வெர்னீட்டா ஓக்ஸ் எதையும் கண்டுபிடித்தவள் அல்ல. கருவியைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் வாசல் சுவரில் பித்தளைப் பலகையில் இருக்கிறது. அதை விற்கப்போகிற கம்பெனிக்குப் பங்குச் சந்தையில் இடம் இருக்கிறது. வெர்னீட்டாவுக்கு மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில், குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையும் இரண்டு நாற்காலிகளும் சுவர் முழுக்கக் கோப்புகளும் இருந்தன.

பத்தொன்பது வருஷம் சிறுநீரகப் பிரிவில் இயந்திரம் ஓட்டிய நர்ஸ். ஐம்பது வயதில் முழங்கால் மக்கர் செய்ததும் ஆராய்ச்சிப் பக்கம் வந்தாள். புதுக் கருவியை எந்தக் குழந்தைக்குப் போடலாம், எதற்குக் கூடாது என்று விதிகளை வைத்துச் சரிபார்ப்பது, பெற்றவர்களிடம் பேசிக் கையெழுத்து வாங்குவது, வருகிற எண்களையெல்லாம் எழுதிவைப்பது, இவையே அவள் வேலை. ஊருக்கு அவள் யாரென்றே தெரியாது. அந்த மாடியில் எல்லோருக்கும் அவள் மிஸ் வெர்னீட்டா.

கருவி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முழத்துக்கும் குறைந்த பிளாஸ்டிக் குழல். உள்ளே தலைமுடி போன்ற ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். ரத்தத்தில் கிருமி இறங்கிச் சிறுநீரகம் நின்றுபோன குழந்தைக்கு, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குழாய்ப் பாதையில் இதையும் கோத்துவிடுவார்கள். கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்களில் சில வெறிபிடித்துப்போய், கிருமி செத்த பிறகும் அடங்காமல், சொந்த உடம்பின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் குதற ஆரம்பிக்கும். அவை வந்து இந்த இழைகளில் ஒட்டும். குழாயில் சிட்ரேட் என்ற கரைசலை விட்டு ரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தை அடிமட்டத்துக்கு இறக்கியிருப்பார்கள். சுண்ணாம்பு குறைந்த இடத்தில் வெறி தணியும். தணிந்ததும் பிடியை விட்டு உடம்புக்குள் திரும்பிப்போகும்.

முதலில் இதைப் பெரியவர்களின் அளவுக்குத்தான் செய்தார்கள். குழந்தைகளுக்கு என்று எதுவும் முதலில் வருவதில்லை. ஒரு வருஷத்தில் இந்த நோய்க்கு ஆளாகும் குழந்தைகளின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. போதுமான அளவில் நோயுறாததுதான் குழந்தைகள் செய்த குற்றம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், குழந்தைகளுக்கும் சோதித்துப் பார்க்கலாம் என்று கம்பெனிப் பொறியாளர்கள் கூடிப் பேசிய கூட்டத்துக்கு வெர்னீட்டா இரண்டு லிட்டர் சிவப்புச் சோடாப் பாட்டிலையும் சமையலறை அளவு ஜாடியையும் தூக்கிக்கொண்டு போனாள். ஜாடியில் எண்ணூறு மில்லி ஊற்றினாள்.

"இதுதான் பத்துக் கிலோ குழந்தையோட மொத்த ரத்தம். இப்ப உங்க குழலையும் குழாயையும் இதுல இருந்து நெரப்புங்க."

நிரப்பினார்கள். ஜாடியில் கால்வாசியைக் காணோம்.

"பெரியவங்களுக்கு இது ஒண்ணுமே இல்லீங்களே" என்றான் இளம் பொறியாளன் ஒருவன்.

"பெரியவங்க அஞ்சு லிட்டர் வச்சிருக்காங்க. இது பாப்பா. நீ இப்ப அதோட கால்வாசி ரத்தத்த உறிஞ்சிட்ட. உக்காந்து அதையும் எழுதிக்க."

அன்றுதான் விதிகளில் அந்த வரி ஏறியது: குழந்தையின் எடை பத்துக் கிலோவுக்குக் குறையக் கூடாது. சொல்லி எழுதவைத்தவள் வெர்னீட்டாவே.

எண்கள் விஷயத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதன் வேர் அவள் பிறந்த ஊரான சாகினாவில் இருக்கிறது. அவள் அப்பா ரூஃபஸ் அங்கே இரும்பு வார்ப்பாலையில் முப்பத்தொரு வருஷம் உழைத்தவர். அறுபதாவது வயதில் சிறுநீரகம் கெட்டது. ரத்தத்தைச் சோதித்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரம் சொல்லும். இருபதோ அதற்குக் கீழோ வந்தால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையிலேயே நிற்கலாம். ரூஃபஸுக்கு வந்தது பதினேழு. ஆனால் அவர் கறுப்பர். கறுப்பர் என்றால் விடையை ஒன்று புள்ளி இரண்டால் பெருக்க வேண்டும் என்று அந்தச் சூத்திரத்தில் ஒரு வால் இருந்தது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். எந்தத் தராசில் எந்தத் தசையை நிறுத்தார்களோ! பெருக்கியதும் இருபதைத் தாண்டியது. "இன்னும் நேரம் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் பதினான்கு மாதத்தில் தீர்ந்தது. வரிசையின் வால் நுனியைக்கூட அவர் பார்க்கவில்லை.

காகிதம் வெர்னீட்டாவின் கையில்தான் வந்தது. சிறுநீரகப் பிரிவு நர்ஸ். அச்சடித்த எண்ணை நம்பினாள். பிற்பாடு அந்தப் பெருக்கலை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் வீட்டுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை.

ஸீக் வந்தது நவம்பர் பதினைந்தாம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை. முழுப் பெயர் எஸிகியேல் ரக்கர், வயது பதினான்கு மாதம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் முன்பே ஹெலிகாப்டரில் வந்துவிட்டான். வெர்னீட்டாவின் கைக்கு வந்தது அன்றுதான். நுரையீரலில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் இறங்கியிருந்தது. மூச்சுக்கு ஒரு இயந்திரம், சிறுநீரகத்துக்கு ஒரு இயந்திரம், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க இரண்டு மருந்துகள். இந்த நிலைக்கு வரும் குழந்தைகளில் பாதிக்குப் பாதிதான் தேறும்.

டாக்டர் ஹால்வர்சன் ஆறடி நாலங்குலம். கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் குரல் ஏறாது, இறங்கும். அன்று பகல் பன்னிரண்டரைக்குத் தொலைபேசியில் அவர் குரல் காதில் விழுவதே பாடாக இருந்தது.

"வெர்னீட்டா, ஏழாம் நம்பர் கட்டில். எல்லாம் பொருந்துது. வாங்க."

போனாள். விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிருமி, சரி. சிறுநீரகம், சரி. எடை? கட்டிலுக்கு அடியிலேயே தராசு உண்டு. பதினொன்று புள்ளி மூன்று என்று காட்டியது.

வெர்னீட்டா எண்ணைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள். இமைகள் உப்பி மூடியிருந்தன. விரல்கள் மொச்சைக்காய்போல் வீங்கியிருந்தன. கணுக்காலில் விரலை வைத்து எடுத்தாள்; குழி அப்படியே நின்றது. இரண்டு நாளாக உயிரைப் பிடித்துவைக்க உள்ளே விட்ட திரவம் வெளியே வர வழியில்லாமல் தேங்கிக் கிடந்தது.

சிறுநீரகப் பிரிவில் வளர்ந்தவர்களுக்கு எடை என்றால் ஒரே எடைதான்: தேங்கிய நீரைக் கழித்த எடை. உலர் எடை என்பார்கள். சதா அதையே பேசிப் பேசி, 'உலர்' என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த வரியைச் சொன்னபோது வெர்னீட்டாவும் விட்டுவிட்டாள். வேறொரு எடை இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு அன்று வரவில்லை.

கட்டிலருகே நின்றிருந்த மார்சின் வாய்தாஸ் அவள் முகத்தைப் பார்த்தான். ஹாம்டிராமெக்கைச் சேர்ந்த போலந்துக்காரன், அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ், வாயாடி.

"என்ன தலைவி, தராசு மேல கோபமா?"

"இதுல எது ஸீக், எது போர்வை?"

"அது கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

"அவர எதுக்கு இழுக்கிற? போர்வைய எடுத்துட்டு, கால்ல கட்டின பலகையையும் அவுத்துட்டு மறுபடியும் போடு."

போட்டான். பதினொன்று புள்ளி ஒன்று. வெர்னீட்டா தாயிடம் திரும்பினாள்.

டெல்ஃபீன் ரக்கருக்கு இருபத்து நான்கு வயது. சாகினாவில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். புதன்கிழமை போட்டுவந்த ஓட்டுநர் ஜாக்கெட்டை இன்னும் கழற்றவில்லை.

"இவனக் கடைசியா எப்பம்மா எடை போட்டாங்க?"

"ரெண்டு வாரம் முன்னாடி, தடுப்பூசிக்குப் போனப்ப. இருபத்தொரு பவுண்டு அஞ்சு அவுன்ஸ்."

மனக்கணக்கில் போட்டுப் பார்த்தாள். பிறகு தாளில் போட்டாள். ஒன்பது கிலோ அறுநூற்று எழுபது கிராம். பத்துக்கு முந்நூற்று முப்பது கிராம் குறைவு. ஒரு சூப் டின்னின் எடை.

ஹால்வர்சன் அவளை வெளியே அழைத்துப்போனார். மார்சினும் பின்னால் வந்தான்.

"பேப்பர் 'எடை'ன்னுதான் சொல்லுது" என்றார் டாக்டர். "எந்த எடைன்னு சொல்லல. தராசு பதினொண்ணு காட்டுது. நான் பொய் சொல்லச் சொல்லலையே."

"அந்த வரிய எழுதினது நான், டாக்டர். என்ன நெனச்சு எழுதினேன்னு எனக்குத் தெரியும்."

"ஏழு வருஷமா ஆறு வக்கீலுங்க படிச்சாங்க" என்றான் மார்சின். "ஒருத்தன் கண்ணுலயும் படல."

"எந்த வக்கீல் வீங்கின குழந்தையத் தூக்கியிருக்கான்?"

ஹால்வர்சன் சுவரில் சாய்ந்தார். "அவன்கிட்ட நாள் இல்ல, வெர்னீட்டா. மணிக்கணக்குதான் இருக்கு."

வெர்னீட்டாவுக்கு அது தெரியாதா? அவள் செய்த பிழைதான் இந்தக் குழந்தைக்குக் கதவாகத் திறந்திருந்தது. ஒரு கையெழுத்துப் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் வரி அவர்கள் பக்கம். மறுத்துவிட்டு இந்தக் குழந்தை போய்ச் சேர்ந்தால், முந்நூற்று முப்பது கிராமை அவள் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான். டாக்டரிடம் திரும்பினாள்.

"இன்னொரு வழி இருக்கு. சோதனைக்குள்ள கொண்டுவராம, இந்தக் குழந்தைக்கு மட்டும்னு அவசர அனுமதி. சோதனைல சேராத டாக்டர் ஒருத்தர் சரின்னு சொல்லணும். கம்பெனி சொல்லணும். நெறிமுறைக் குழுத் தலைவர் சொல்லணும். மூணு பேர்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட பேசிக்கிறேன்."

டெல்ஃபீன் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"எங்க கறுப்பு ஜனங்கள வச்சு உங்க ஆளுங்க என்னென்ன சோதனை பண்ணிப் பாத்தாங்கன்னு எனக்கும் தெரியும், மிஸ் வெர்னீட்டா."

"என்னையா 'உங்க ஆளுங்க'ன்னு சொல்ற? நானும் சாகினாதான் கண்ணு."

"உங்க கழுத்துல தொங்குற அட்டையச் சொன்னேன்."

வெர்னீட்டா அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "கேக்க வேண்டியதுதான். கேளு. கலவரத்த அடக்கப் போலீஸ் வருது. கலவரம் அடங்கிருது, ஆனா போலீஸ் அடங்கல. கடைய ஒடைக்குது, வீட்டுக்குள்ள பூந்து அடிக்குது..."

"இத எனக்கு வெளக்கணுமா?"

"அதுதான் இப்ப உன் மகன் ஒடம்புக்குள்ள நடக்குது. இந்தக் குழல் அவங்களப் பிடிச்சு, தடியப் பிடுங்கிட்டு, ஒரு காப்பி குடுத்து உக்காரவச்சு அனுப்பும்."

இரண்டு நாளில் முதல்முறையாக டெல்ஃபீன் சிரித்தாள். சிரித்த வாயோடு அழவும் செய்தாள். "மொதல்ல இத எங்க தெருவுல மாட்டுங்க."

"மாட்டினா பிழைப்பான்னு நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இங்க யாரும் மாட்டினதில்ல. விதி பத்துக் கிலோ. இவன் ஒன்பதே முக்கால்கூட இல்ல."

"தராசுல பதினொண்ணுன்னு வந்துச்சே? நான் பாத்தேன். அதையே எழுதுங்க. என்ன கொறஞ்சு போச்சு உங்களுக்கு?"

"எழுதினா இப்பவே மாட்டிரலாம். ஆனா பேப்பர்ல என்ன எடையோ, அதுக்குத்தான் மெஷின் ரத்தத்த இழுக்கும், அந்த அளவுக்குத்தான் சிட்ரேட்ட விடும். பதினோரு கிலோவுக்கு உள்ளத ஒன்பதரைக் கிலோ ஒடம்புல விடும். பொய் எழுதினா அது பேப்பரோட நிக்காது கண்ணு. அவன் ஒடம்புக்குள்ள போகும்."

டெல்ஃபீன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கிடந்த மகனைப் பார்த்தாள்.

"நெசமான எடைக்கு வாங்க முடியுமா?"

"சாயங்காலத்துக்குள்ள வாங்கப் பாக்குறேன்."

"முடியலன்னா?"

"முடியலன்னு வந்து சொல்லுவேன். ஒளிஞ்சுக்க மாட்டேன்."

"போங்க, அப்ப. ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?"

மேல்மாடியிலிருந்து இதய டாக்டர் ஒருவர் வந்து, குழந்தையைப் பார்த்து, முதல் ஒப்புதலை எழுதினார். கம்பெனி வக்கீலைப் பிடித்துப் பேசி வாங்க ஒன்றரை மணி நேரம் போயிற்று. அந்த ஆள், நல்லபடியாக முடிந்தால் இந்தக் குழந்தையையும் சோதனைக் கணக்கில் காட்டலாமா என்று கேட்டான். வெர்னீட்டா பல்லைக் கடித்துக்கொண்டு, "மொதல்ல கையெழுத்து" என்றாள்.

மூன்றாவது ஆள்தான் தலைவலியானது. மிச்சிகனில் நவம்பர் பதினைந்து என்றால் மான் வேட்டை தொடங்கும் நாள். வடக்கே பாதிப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. சட்டப்படி அது பண்டிகை இல்லை. மற்றபடி எல்லா வகையிலும் பண்டிகைதான். நெறிமுறைக் குழுத் தலைவர் கெரிட் டைகெமா வடக்கே மியோ என்ற ஊருக்கு அப்பால் காட்டுக்குள் மரப்பரணில் இருந்தார். கைபேசி எடுக்காத காடு. துணைத் தலைவர் போன மாதம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த நாற்காலி காலி.

வெர்னீட்டா வரைபடத்தைத் தேடி, அந்தக் காட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஒரு கடையைக் கூப்பிட்டாள். பெட்ரோலும் மீன்புழுவும் பீட்ஸாவும் ஒரே கல்லாவில் விற்கும் கடை. எடுத்தவள் பெயர் பெவ்.

"கெரிட்டா? காலைல அஞ்சு மணிக்குக் காப்பி வாங்கிட்டுப் போனாரு. இருட்டுற வரைக்கும் எறங்க மாட்டாரே."

"ஒரு குழந்தையோட உயிர் விஷயம்மா. அவர் ஒரு வார்த்த சொல்லணும்."

"அவரு சொந்தக்காரக் குழந்தையா?"

"இல்ல. எங்க ஆஸ்பத்திரில கெடக்கிற குழந்தை."

மறுமுனையில் கல்லாப் பெட்டியை அறைந்து சாத்தும் சத்தம். "இங்க பாருங்க, இன்னிக்கு நான் காட்டுக்குள்ள நடந்து போனா மான்னு நெனச்சுச் சுட்டுருவானுங்க. வண்டிய எடுத்துட்டுப் போயி ஹாரன்தான் அடிக்கணும். வேட்ட தொடங்குற நாள்ல ஹாரன் அடிச்சவள இந்த ஊர்க் கல்லறைல பொதைக்கக்கூட விட மாட்டாங்க, தெரியுமா?"

"எங்க ஊர்க் கல்லறைல எடம் இருக்கும்மா. நான் சொல்லி வாங்கித் தர்றேன்."

பெவ் சிரித்தாள். "குழந்தை பேரு என்ன?"

"சொல்லக் கூடாதும்மா. சட்டம்."

"நல்ல சட்டம் போ. நானே ஒண்ணு வச்சுக்கறேன். 'பட்டன்'னு வச்சுக்கறேன். கடைய மூடிட்டுக் கெளம்புறேன்."

மணி மூன்று பத்து. வெர்னீட்டா காத்திருந்தாள். இடையில் ஒருமுறை ஏழாம் நம்பர்க் கட்டிலுக்குப் போய், "ரெண்டு பேர் சரின்னுட்டாங்க, ஒருத்தர் மரத்து மேல இருக்கார்" என்றாள். டெல்ஃபீன் மகனின் பாதத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். ரத்த அழுத்த மருந்தை ஹால்வர்சன் மறுபடியும் கூட்டியிருந்தார்.

நான்கு மணிக்குப் பெவ்வின் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. டைகெமாவுக்கு மூச்சு வாங்கியது.

"நாப்பது கஜத்துல எட்டுக் கிளைக் கொம்போட மான் ஒருத்தன் நின்னான். அந்தம்மா அடிச்ச ஹாரன்ல அவன் இந்நேரம் கனடா போயிருப்பான். சொல்லுங்க."

சொன்னாள். இரண்டு எடைகளையும் சொன்னாள், தன் பிழையையும் சேர்த்து. தானம் வந்த ரத்தத்தால் குழாயை முன்னாலேயே நிரப்பிவிட்டுத்தான் மாட்டுவோம், குழந்தையின் ரத்தம் ஒரு சொட்டுக்கூட அதை நிரப்பப் போகாது என்றாள். தாய்க்கு எல்லாம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள்.

"பதினொண்ணுன்னு எழுதியிருந்தா என்ன யாரும் மரத்துல இருந்து எறக்கியிருக்க மாட்டாங்களே?"

"எழுதியிருக்கலாம். ஆனா மெஷின எந்த எடைக்கு வைக்கிறதுன்னு மார்சின் கேட்டா நான் என்ன சொல்ல?"

பின்னணியில் பெவ் யாரிடமோ, "பட்டனுக்காகத்தான்டா அடிச்சேன், போடா" என்று கத்துவது கேட்டது.

"ஒப்புதல். மணி நாலு எட்டு. எழுதிக்கங்க. தாய்கிட்டயும் சொல்லிருங்க."

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாட்டினார்கள். ஒன்பது புள்ளி ஆறு ஏழு கிலோவுக்கு மார்சின் வேகத்தை வைத்தான். முதல் நான்கு நிமிஷத்தில் ரத்த அழுத்தம் அறுபத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்றுக்குச் சரிந்தது. ஹால்வர்சனின் விரல்கள் குழாயை மூடும் கிடுக்கி மேல் போய் நின்றன. நாற்பத்து நான்கு. நாற்பத்து மூன்று. நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்து. டாக்டரின் கை கிடுக்கியை விட்டு இறங்கியது.

"எறங்குச்சு, ஏறிருச்சு" என்றாள் வெர்னீட்டா தாயிடம்.

"நானும் பாத்தேன். எனக்கும் நம்பர் படிக்கத் தெரியும்."

தினம் ஒரு புதுக் குழல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மருந்துகளில் ஒன்றை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மார்சின் டயப்பரைக் கழற்றிக் கிராம் தராசில் வைத்தான். அங்கே ஒவ்வொரு டயப்பரின் மேலும் காய்ந்த எடையைப் பேனாவால் எழுதிவைத்திருப்பார்கள். எழுதியிருந்தது இருபத்திரண்டு, தராசு காட்டியது முப்பத்தொன்று. ஒன்பது கிராம் என்றால் ஒன்பது மில்லி சிறுநீர். அவன் அந்தப் பொட்டலத்தைத் தட்டில் கேக் எடுத்துவருகிறவன்போல் இரு கையிலும் ஏந்தி வெளியே கொண்டுவந்தான்.

"தலைவி! ஒன்பது! ஒன்பது!"

டெல்ஃபீன் அதை எட்டிப் பார்த்தாள். "பதினாலு மாசமா இத நான் குப்பைல போட்டுட்டு இருந்திருக்கேனே!" என்று சொல்லிவிட்டு, வெர்னீட்டாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெர்னீட்டா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். டெல்ஃபீன் நிமிர்ந்தபோது சீருடையின் தோள்பட்டை நனைந்திருந்தது.

டிசம்பர் பாதியில் ஸீக் வீட்டுக்குப் புறப்பட்டான். அதற்குள் ஆஸ்பத்திரி விளம்பரப் பிரிவு 'அதிசயக் குழந்தை' என்று ஒரு தாள் தயாரித்திருந்தது. வெர்னீட்டா அதில் அந்த இரண்டு சொற்களையும் அடித்துத் திருப்பி அனுப்பினாள். அதிசயம் என்று சொல்லிவிட்டால், அடுத்த குழந்தைக்கு ஏன் நடக்கவில்லை என்று யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியிலிருந்து மறுபடியும் கடிதம்: சோதனைக் கணக்கில் சேர்க்கலாமா? அவள் எழுதிய பதில் ஒரே சொல்: கூடாது. விதிகளில் 'உலர் எடை' என்று திருத்தி, பிழை தன்னுடையது என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினாள்.

புறப்படும் நாள் காலை டெல்ஃபீன் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஸீக் வெர்னீட்டாவின் மடியில் இருந்தான். மெலிந்திருந்தான், கண்கள்தான் பெரிதாகத் தெரிந்தன.

"மிஸ் வெர்னீட்டா, உண்மையச் சொல்லுங்க. அந்தக் குழல்தான் காப்பாத்துச்சா?"

"தெரியல கண்ணு."

டெல்ஃபீன் கட்டுவதை நிறுத்தினாள். "தெரியலையா?"

"மருந்து குடுத்தோம். மெஷின் ஓட்டினோம். குழல் மாட்டினோம். மார்சின் பன்னெண்டு பன்னெண்டு மணி நேரம் நின்னான். இவன் ஒடம்பும் சும்மா இருக்கல. எதுக்கு எவ்வளவு பங்குன்னு ஒரு குழந்தைய வச்சுச் சொல்ல முடியாது. நூறு குழந்தை வேணும்."

"அப்ப இவனையும் அந்த நூறுல ஒண்ணாச் சேத்துக்கங்க."

"முடியாது. இவன் பத்துக் கிலோ இல்ல."

"பிழைச்சுட்டானே!"

"பிழைச்சதால சேத்தேன்னா, செத்திருந்தா மறைச்சிருப்பேன்னு அர்த்தம்."

டெல்ஃபீன் யோசித்தாள். பையின் ஜிப்பை இழுத்தாள், பாதியில் நின்றது, மறுபடி இழுத்தாள். "அப்ப இவனால ஒண்ணுமே இல்லையா? இவன மாதிரிச் சின்னதுங்க அடுத்து வந்தா, மறுபடியும் யாராச்சும் மரத்து மேல ஏறியிருப்பாங்களா?"

"இவன் கதைய எழுதி, ஒரே ஒரு குழந்தைன்னு தலைப்புலயே போட்டு, கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன். சின்னக் குழல் செய்யுங்கன்னு கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

"இவ்வளவு சின்னக் குழந்தைங்க நாட்டுல ரொம்பக் கொஞ்சம், கட்டுப்படியாகாதுன்னாங்க. மறுபடியும் எழுதியிருக்கேன். பதில் வரல."

"எழுதுனா எவன் படிப்பான்? நம்பர் குடுங்க. நாப்பது பசங்க கத்துற வண்டிய நான் தினமும் ஓட்டுறவ. என் கொரல் அவங்களுக்குக் கேக்கும்."

வெர்னீட்டா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாளில் கம்பெனியின் தொலைபேசி எண்ணை எழுதி, அதன் கீழே யாரைக் கேட்க வேண்டும் என்று பெயரையும், அந்த ஆள் இடத்தில் இருக்கும் நேரத்தையும் எழுதினாள். எழுதி முடிக்கும் முன்பே ஸீக் தாளைப் பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டான். டெல்ஃபீன் அவன் முஷ்டியை விரல் விரலாகப் பிரித்து அதை மீட்டாள். எச்சிலை ஜாக்கெட்டில் துடைத்தாள். எண் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏழா இது, ஒண்ணா?"

"ஏழு."

"திங்கக்கெழம காலைல, முதல் நடை முடிஞ்சதும்" என்று சொல்லி அதை உள்பையில் வைத்துக்கொண்டு, மகனைத் தூக்கி இடுப்பில் போட்டுக்கொண்டாள்.